சிவப்புக் கல் ஒன்று கையில் கிடைத்தால்

பாட்டியின் மோதிரத்தில் ஒரு சிவப்புக் கல் இருந்தது. ஊரில் ஒரு கடையில் காட்டியபோது, "பழைய பர்மா கெம்பு. விற்கிறதா இருந்தா எங்கிட்டயே கொடுங்க" என்றார் கடைக்காரர். இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடையில் லென்ஸைக்கூட எடுக்கவில்லை. "கண்ணாடிம்மா இது" என்று அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் கார்னெட் என்ற வேறொரு சிவப்புக் கல் என்றார். ஒரே மதியத்தில் ஒரே கல்லுக்கு மூன்று பெயர்.

மூன்று பேரும் பார்த்தது நிறத்தைத்தான். கல்லை அடையாளம் காண நிறத்தைப் போல மோசமான சாட்சி கிடையாது. மாணிக்கத்தைச் சிவப்பாக்குவது அதில் சிறிதளவு கலந்திருக்கும் குரோமியம். அதே குரோமியம் ஸ்பைனல் என்ற இன்னொரு கல்லையும் சிவப்பாக்குகிறது, மரகதத்தைப் பச்சையாக்குகிறது. நிறம் பலருக்கும் பொது. ஆனால் ஒளி கல்லுக்குள் எவ்வளவு வளைகிறது, உள்ளே போனதும் இரண்டாகப் பிரிகிறதா என்பவை அந்தந்தக் கனிமத்தின் படிக அமைப்போடு கட்டுப்பட்டவை. அவற்றைச் சோதிக்கத்தான் இந்தக் கட்டுரை.

எல்லா ரத்தினங்களையும் ஒரே மூச்சில் படிக்கப் போனால் குழப்பம்தான் மிஞ்சும். எனவே சிவப்புக் கற்களை வைத்துத் தொடங்குவோம். மாணிக்கம், ஸ்பைனல், கார்னெட், சிவப்பு டூர்மலின், கண்ணாடி என்று ஐந்து வேட்பாளர்கள். இந்த ஐந்தையும் பிரிக்கக் கற்றுக்கொண்டால் மற்ற நிறங்களுக்கும் அதே வழிதான்.

வாங்க வேண்டியவை

முதல் செலவு பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ். மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்த 'ட்ரிப்லெட்' வகையாகக் கேட்டு வாங்குங்கள். முப்பது மடங்கு, அறுபது மடங்கு என்று அச்சிட்ட மலிவு லென்ஸ்கள் நிறைய வருகின்றன. அவற்றில் ஓரமெல்லாம் வானவில்தான் தெரியும், கல் தெரியாது.

அடுத்து ஒரு சின்ன எல்இடி பேனா டார்ச், 365 நானோமீட்டர் யூவி டார்ச், கையளவு போலராய்டு ஃபிலிம். ஃபிலிமுக்குப் பதில் போலராய்டு கூலிங் கிளாஸும் போதும். கடைசியாக, கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்று அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர். புதிதாகப் பழகுபவருக்குச் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் கருவியே போதும், ஆனால் அதற்கான திரவத்தையும் சேர்த்து வாங்க மறக்காதீர்கள். திரவம் இல்லாவிட்டால் கருவி வெறும் டப்பா.

பழகுவதற்குக் கற்களும் வேண்டும். பெயர் உறுதியாகத் தெரிந்த மலிவான கற்களாக வாங்குங்கள்: ஒரு செயற்கை மாணிக்கம், ஒரு கார்னெட், ஒரு சின்ன ஸ்பைனல், ஒரு கண்ணாடிக் கல். தெரிந்த கல்லில் கண் பழகாமல் தெரியாத கல்லில் கை வைத்தால் எதைப் பார்த்தாலும் பார்க்க விரும்பியதுதான் தெரியும்.

கல்லைத் தயார் செய்வது

நகையில் பதித்த கல்லைவிடக் கழற்றிய கல்லைச் சோதிப்பது பலமடங்கு எளிது. அடைப்புக் கட்டு நகைகளில், அதாவது நம் கெம்பு அட்டிகை, கோயில் நகை போன்றவற்றில், கல்லுக்குப் பின்னால் தகடு வைத்து மூடியிருப்பார்கள். அந்தத் தகடுதான் பாதி நிறத்தையும் பளபளப்பையும் தருகிறது. பின்பக்கம் ஒளி போகாத கல்லில் கீழே சொல்லும் சோதனைகளில் பாதி நடக்காது. அதற்காகப் பழைய நகையை நீங்களே நோண்டிப் பிரிக்க வேண்டாம். உள்ளே அரக்கு இருந்தால் உதிரும், திரும்பப் பதிக்கும் கூலி தனி. கல்லைக் கழற்றுவது ஆசாரியின் வேலை.

கழற்றிய கல்லை மிதமான சோப்பு நீரில் கழுவி, பஞ்சு போன்ற துணியால் துடையுங்கள். கை எண்ணெய் ஒரு மெல்லிய படலமாக ஒட்டியிருந்தாலும் ரிஃப்ராக்டோமீட்டர் ஏமாற்றும்.

லென்ஸில் ஐந்து நிமிடம்

லென்ஸைக் கல்லருகே வைத்துக்கொண்டு தலையைத் தூரத்தில் நிறுத்திப் பார்ப்பது எல்லாருக்கும் வரும் முதல் தவறு. லென்ஸ் கண்ணோடு ஒட்டியிருக்க வேண்டும். லென்ஸ் பிடித்த கையைக் கன்னத்தில் ஊன்றி, இடுக்கியில் பிடித்த கல்லை மெல்ல முன்னே கொண்டுவாருங்கள். ஏறக்குறைய ஓர் அங்குலத் தூரத்தில் படம் தெளியும். இரண்டு கண்களும் திறந்திருக்கட்டும். ஒரு கண்ணை மூடினால் பத்து நிமிடத்தில் தலைவலி வரும்.

முதலில் வெளிப்புறம். பட்டைகளின் ஓரங்கள் கூர்மையாக இருக்கின்றனவா, வழவழவென்று உருண்டிருக்கின்றனவா? மாணிக்கம் வைரத்துக்கு அடுத்தபடியான கடினம் கொண்டது. பல வருடம் விரலில் கிடந்தாலும் ஓரம் அவ்வளவு எளிதில் தேயாது. கண்ணாடியோ சீக்கிரமே மழுங்கிவிடும், அச்சில் வார்த்த கண்ணாடியாக இருந்தால் பிறக்கும்போதே ஓரம் மழுங்கல்தான்.

அப்புறம் உள்ளே. உருண்டையான காற்றுக் குமிழி, பாகு கிளறியது போன்ற சுழி இரண்டும் இருந்தால் கண்ணாடி என்ற சந்தேகம் வலுக்கும். 60 டிகிரி கோணத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் மெல்லிய ஊசிகள் மாணிக்கத்தில் காணப்படும், இதைத்தான் 'பட்டு' என்கிறார்கள். குட்டிக் குட்டி எண்முகப் படிகங்கள் வரிசையாகவோ ஒற்றையாகவோ தெரிந்தால் ஸ்பைனலை நினையுங்கள்.

மூன்றாவதாக, மேல்முகம் வழியே கல்லின் அடிப்பக்கப் பட்டை விளிம்புகளைப் பாருங்கள். ஒரு விளிம்பு இரண்டு கோடுகளாகத் தெரிகிறதா? அப்படியானால் அந்தக் கல் ஒளியை இரண்டாகப் பிரிக்கிறது. இதற்குப் பெயர் இரட்டை விலகல். சிர்கான் என்ற கல்லில் இதன் அளவு 0.059 வரை போகும், லென்ஸில் பளிச்சென்று தெரியும். சிவப்பு டூர்மலினில் ஏறக்குறைய 0.020, கொஞ்சம் பெரிய கல்லாக இருந்தால் தெரியும். மாணிக்கத்தில் 0.008தான், சின்னக் கல்லில் கண்ணுக்குத் தட்டுப்படாது. எனவே இரட்டைக் கோடு தெரிந்தால் அது ஒரு தகவல், தெரியாவிட்டால் அதிலிருந்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

லேப்டாப் திரையே கருவி

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. கடையில் போலாரிஸ்கோப் என்று தனிக் கருவி விற்கிறார்கள், ஆனால் வீட்டில் எல்சிடி திரை கொண்ட லேப்டாப் இருந்தால் பாதிக் கருவி ஏற்கெனவே கையில் இருக்கிறது. அந்தத் திரையிலிருந்து வரும் ஒளி ஒரே தளத்தில் அதிரும் ஒளி.

திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வெளிச்சத்தை முழுதாக வையுங்கள். அறை விளக்கை அணையுங்கள். போலராய்டு ஃபிலிமைக் கண்ணுக்கும் திரைக்கும் நடுவே பிடித்துச் சுழற்றுங்கள். ஒரு நிலையில் திரை கருத்துப்போகும். ஃபிலிமை அந்த நிலையிலேயே நிறுத்திக்கொண்டு, கல்லைத் திரைக்கும் ஃபிலிமுக்கும் நடுவே கொண்டுவந்து ஒரு முழுச் சுற்றுச் சுழற்றுங்கள்.

கல் முழுச் சுற்றிலும் இருட்டாகவே இருந்தால் அது ஒளியைப் பிரிக்காத ஒற்றை விலகல் கல். ஸ்பைனல், கார்னெட், கண்ணாடி மூன்றும் இந்தக் கூட்டம். வைரமும் இதே கூட்டம்தான். ஒரு சுற்றில் நான்கு முறை வெளிச்சமும் நான்கு முறை இருட்டுமாக மாறினால் இரட்டை விலகல், அதாவது மாணிக்கமோ டூர்மலினோ. ஐந்து வேட்பாளர்களில் மூன்று பேரோ இரண்டு பேரோ இந்த ஒரு நிமிடத்திலேயே வெளியே போய்விடுகிறார்கள்.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. மாணிக்கத்தில் ஒரு திசை மட்டும் விதிவிலக்கு: ஒளி அச்சு எனப்படும் அந்தத் திசையில் ஒளி இரண்டாகப் பிரியாது. நீங்கள் தற்செயலாக அந்தத் திசையில் பார்த்துவிட்டால் அசல் மாணிக்கமும் முழுச் சுற்றிலும் மாறாமல் நின்று ஒற்றை விலகல் கல்போல நடிக்கும். அதனால் கல்லைக் குறைந்தது மூன்று வெவ்வேறு பக்கங்களில் திருப்பிப் பாருங்கள்.

இரண்டாவது பொறி கார்னெட். ஒற்றை விலகல் கல்லாக இருந்தும், உள்ளே இறுகிக் கிடக்கும் அழுத்தத்தால் அது அங்கங்கே வெளுத்துக் காட்டும். கண்ணாடியிலும் பாம்புபோல நெளியும் நிழல்கள் வரும். சந்தேகம் வந்தால் கல்லை மிக வெளிச்சமாகத் தெரியும் நிலையில் நிறுத்துங்கள். இப்போது ஃபிலிமை மட்டும் கால் சுற்றுத் திருப்பித் திரையை வெளிச்சமாக்குங்கள். கல் முன்பைவிட நன்றாகப் பிரகாசமானால் அது ஒற்றை விலகல் கல்லின் நடிப்பு. அப்படியே இருந்தாலோ மங்கினாலோ உண்மையான இரட்டை விலகல்.

இதே திரையில் இன்னொரு சோதனையும் உண்டு, அதற்கு ஃபிலிமே தேவையில்லை. வெள்ளைத் திரைக்கு முன்னால் கல்லை மட்டும் பிடித்துச் சுழற்றி நிறத்தைக் கவனியுங்கள். மாணிக்கம் ஒரு நிலையில் ஊதா கலந்த சிவப்பாகவும், கால் சுற்றுத் திருப்பினால் ஆரஞ்சு கலந்த சிவப்பாகவும் மாறும். ஸ்பைனலும் கார்னெட்டும் கண்ணாடியும் எப்படித் திருப்பினாலும் ஒரே சிவப்பு. காங்கேயம், கரூர்ப் பக்கம் கிடைக்கும் அயோலைட் என்ற நீல நிறக் கல் கிடைத்தால் இந்தச் சோதனையை அதில் செய்து பாருங்கள். ஒரு பக்கம் ஊதா நீலம், இன்னொரு பக்கம் கிட்டத்தட்ட நிறமே இல்லாத வெளிர் மஞ்சள். அதை ஒருமுறை பார்த்துவிட்டவர் அயோலைட்டை நீலம், அதாவது நீல சஃபையர், என்று நம்பி வாங்க மாட்டார்.

எண்ணுக்கு வருவோம்: ரிஃப்ராக்டோமீட்டர்

கிணற்றில் போட்ட காசு மேலே எழும்பியதுபோல் தெரிவது நீரில் ஒளி வளைவதால்தான். எவ்வளவு வளைகிறது என்பதைச் சொல்லும் எண் ஒளிவிலகல் எண். நீருக்கு 1.33, மாணிக்கத்துக்கு ஏறக்குறைய 1.77, வைரத்துக்கு 2.42. ரிஃப்ராக்டோமீட்டர் இந்த எண்ணை நேரடியாக ஓர் அளவுகோலில் காட்டிவிடும்.

கருவியின் மேலே சின்னக் கண்ணாடிப் பீடம் இருக்கும். அதன் நடுவில் திரவத்தைக் குண்டூசித் தலை அளவு மட்டும் வையுங்கள். பெரிய சொட்டு வைத்தால் கல் மிதக்கும், எண் கிடைக்காது. கல்லின் மேல்முகத்தைக் கீழ்நோக்கிக் கவிழ்த்துப் பீடத்தின் ஓரத்தில் வைத்து, விரலால் மெல்லத் தள்ளித் திரவத்தின் மேல் கொண்டுவாருங்கள். மூடியை மூடி, பின்னாலிருந்து மஞ்சள் ஒளி கொடுத்து, கண்ணைத் துளையில் வைத்தால் அளவுகோலின் ஒரு பகுதி இருட்டாகவும் மறுபகுதி வெளிச்சமாகவும் இருக்கும். இரண்டும் சந்திக்கும் நிழல் விளிம்பு நிற்கும் இடம்தான் கல்லின் எண்.

முதல் நாள் யாருக்கும் எதுவும் தெரியாது. தலையை மேலும் கீழும் மெதுவாக அசையுங்கள், விளிம்பு பிடிபடும். எனக்கு அரைமணி நேரம் ஆனது.

கருவியோடு வரும் போலராய்டு மூடியைக் கண் துளைமேல் வைத்துத் திருப்புங்கள். விளிம்பு அசையாமல் ஒரே இடத்தில் நின்றால் ஒற்றை விலகல். மேலும் கீழுமாக இரண்டு இடங்களுக்குத் தாவினால் இரட்டை விலகல். இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டு, கல்லைப் பீடத்தின் மேலேயே 45 டிகிரி திருப்பி மீண்டும் எடுங்கள். இப்படி அரைச் சுற்று முடியும்வரை செய்யுங்கள். கிடைத்தவற்றில் மிக உயர்ந்ததிலிருந்து மிகத் தாழ்ந்ததைக் கழித்தால் இரட்டை விலகலின் அளவு.

நம் ஐவருக்கும் எண்கள் இவை:

மாணிக்கம்: 1.762 முதல் 1.770 வரை, வித்தியாசம் 0.008.
ஸ்பைனல்: 1.718 என்ற ஒரே எண். சில கற்களில் சற்றுக் கூடும்.
சிவப்பு கார்னெட்: ஒரே எண், ஆனால் கல்லுக்குக் கல் வேறு. 1.72 முதல் 1.81 தாண்டியும் போகலாம்.
சிவப்பு டூர்மலின்: 1.624 முதல் 1.644 வரை, வித்தியாசம் 0.018 முதல் 0.020.
கண்ணாடி: ஒரே எண், பெரும்பாலும் 1.47க்கும் 1.70க்கும் நடுவே எங்கும்.

கார்னெட் வரியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரு கார்னெட் 1.765 என்று காட்ட முழு வாய்ப்பு உண்டு. எண்ணை மட்டும் பார்த்தால் அது மாணிக்கம். விளிம்பு தாவவில்லை, திரையில் நிறம் மாறவில்லை என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் கார்னெட். 1.63 காட்டும் கண்ணாடிக்கும் டூர்மலினுக்கும் இதே கதை. எந்த ஒரு சோதனையும் 'இதுதான்' என்று சொல்வதில்லை, 'இது இல்லை' என்றுதான் சொல்கிறது. இல்லை இல்லை என்று தள்ளிக்கொண்டே வந்து மிச்சம் நிற்பதை ஏற்கிறோம். ஒரே சோதனையைக் காட்டி உறுதி சொல்பவரிடம் கல் வாங்காதீர்கள்.

கண்ணாடியைப் பிடிக்க ஒரு குறுக்குவழி: ஒற்றை விலகல், எண் 1.50க்கும் 1.70க்கும் நடுவே என்றால் பெரும்பாலும் கண்ணாடிதான். அந்த இடைவெளியில் நகைக்கடைக்கு வரும் ஒற்றை விலகல் இயற்கைக் கனிமம் அநேகமாக இல்லை.

திரவத்தைப் பற்றி எச்சரிக்கை. அது நாற்றமடிக்கும், நச்சுத்தன்மை கொண்டது. சன்னலைத் திறந்துவையுங்கள், முடிந்ததும் கையைக் கழுவுங்கள், குழந்தைகள் எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். பீடத்தின் கண்ணாடி மென்மையானது, இரும்பு இடுக்கி பட்டால் கீறல் விழும். அதனால்தான் விரலால் தள்ளச் சொன்னேன். திரவம் உலர்ந்து பீடத்தில் படியும் முன் துடைத்துவிடுங்கள். ஓபல், டர்க்காய்ஸ் போன்ற உறிஞ்சும் கற்களில் இதைப் பயன்படுத்தவே கூடாது, கறை பிடித்துவிடும்.

இன்னொன்று. திரவத்துக்கும் சொந்த எண் உண்டு, பெரும்பாலும் 1.79 அல்லது 1.81. அந்த இடத்தில் எப்போதும் ஒரு மங்கலான கோடு தெரியும். அதைக் கல்லின் எண் என்று எழுதிவைக்காத புதியவர் இல்லை. அந்த எண்ணைத் தாண்டிய வைரம், அமெரிக்கன் டைமண்ட், சிர்கான் ஆகியவற்றை இந்தக் கருவி அளக்கவே முடியாது. அளவுகோல் முழுக்க இருட்டாகவே கிடக்கும், அதுவும் ஒரு பதில்தான்.

ஒளிர்வு

இருட்டறையில் யூவி டார்ச்சை அடியுங்கள், கண்ணில் படாமல். குரோமியத்தால் சிவந்த மாணிக்கம் அணையாத கரித்துண்டுபோல் சிவப்பாக ஒளிரும். சிவப்பு ஸ்பைனலும் ஒளிரும். கார்னெட் செத்துக் கிடக்கும், அதிலுள்ள இரும்பு ஒளிர்வை அடக்கிவிடுகிறது. இரும்பு அதிகமுள்ள தாய்லாந்து மாணிக்கம் மங்கலாக ஒளிர்வதும், பர்மா மாணிக்கம் பிரகாசமாக ஒளிர்வதும் இதே காரணத்தால்தான். வெயிலில் நல்ல மாணிக்கம் உள்ளிருந்து எரிவதுபோல் தெரிவதற்கும் பாதிக் காரணம் வெயிலிலுள்ள புறஊதாக் கதிர். கடையின் மஞ்சள் விளக்கில் எல்லாச் சிவப்பும் அழகுதான், வெளியே கொண்டுவந்து பார்க்க அனுமதி கேளுங்கள்.

ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் கையடக்க ஸ்பெக்ட்ராஸ்கோப் வைத்திருப்பவர்கள் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். அல்மண்டைன் வகைக் கார்னெட் வழியே வரும் ஒளியில் 505, 527, 576 நானோமீட்டரில் மூன்று இருண்ட பட்டைகள் விழும். மாணிக்கத்தில் அவை இருக்காது. அதற்குப் பதில் சிவப்பின் கோடியில், 694 நானோமீட்டர் அருகே, நெருக்கமான இரட்டைக் கோடு தெரியும்.

ஸ்பைனலின் கதை

ஸ்பைனலும் மாணிக்கமும் இவ்வளவு காலம் குழம்பிக் கிடந்ததற்குக் காரணம் உண்டு. மாணிக்கம் அலுமினியம் ஆக்சைடு, ஸ்பைனலில் அதோடு மெக்னீசியமும் சேர்கிறது. ஒரே மாதிரிப் பாறையில் பிறந்து, ஒரே ஆற்றுச் சரளையில் ஒதுங்குபவை. பர்மாவின் மோகோக்கிலும் இலங்கையின் இரத்தினபுரியிலும் ஒரே குழியிலிருந்து இரண்டும் வருகின்றன. நிறம் கொடுப்பதும் ஒரே குரோமியம். பிரிட்டிஷ் மன்னர் அணியும் அரச முடியின் முன்பக்கத்தில் 'பிளாக் பிரின்ஸின் ரூபி' என்ற பெயரில் இருக்கும் பெரிய சிவப்புக் கல் உண்மையில் ஸ்பைனல்தான். ஏறக்குறைய 170 காரட். 1783இல் ரோமே த லீல் என்ற பிரெஞ்சு அறிஞர் இரண்டும் வெவ்வேறு கனிமங்கள் என்று பிரித்துச் சொன்னார். அதற்கு முன் அரசர்களே ஏமாந்திருக்கிறார்கள் என்றால் நமக்கு வெட்கம் எதற்கு? நல்ல சிவப்பு ஸ்பைனல் இன்று மலிவான மாற்றும் அல்ல, தன் பெயரிலேயே நல்ல விலைக்குப் போகிறது.

பாட்டியின் மோதிரத்துக்குத் திரும்புவோம்

கல்லை ஆசாரியிடம் கழற்றி வாங்கி வந்து வரிசையாகச் சோதித்தேன். திரைக்கு முன்னால் நான்கு முறை மின்னியது. நிறம் மாறியது. ரிஃப்ராக்டோமீட்டரில் 1.762, 1.770. யூவியில் நெருப்பாக எரிந்தது. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "அப்ப மாணிக்கம்தானேடா?" என்றார். ஆமாம், மாணிக்கம்தான். ஆனால் ஒளிர்வு கொஞ்சம் அளவுக்கு மீறி இருந்தது, கல் கொஞ்சம் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருந்தது.

வெள்ளைக் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் ஊற்றிக் கல்லை அதில் போட்டேன். எண்ணெயில் மூழ்கினால் பட்டைகளின் கண்கூச்சம் குறைந்து உள்ளே இருப்பது தெரியும். கிண்ணத்தைச் சாய்த்துச் சாய்த்து லென்ஸில் பார்த்தபோது, பழைய இசைத்தட்டின் வரிகள்போல மெல்லிய வளைந்த கோடுகள். இயற்கைக் கல்லில் வளர்ச்சிக் கோடுகள் நேராக, கோணமாக மடங்கித்தான் ஓடும். வளைந்து ஓடினால் அது உலையில் பிறந்தது. 1902இல் வெர்னுய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் அறிவித்த முறை அது: அலுமினியம் ஆக்சைடு பொடியைச் சுடரில் உருக்கிச் சொட்டுச் சொட்டாக அடுக்கி வளர்ப்பார்கள். அந்த அடுக்குகள்தான் வளைகோடுகள்.

ஒளியியல் சோதனைகளின் எல்லை இங்கேதான். கல் எந்தக் கனிமம் என்று அவை சொல்லும். பூமியில் பிறந்ததா, உலையில் பிறந்ததா என்று எண்கள் சொல்லா, ஏனென்றால் இரண்டும் ஒரே பொருள், ஒரே படிகம். அதற்கு லென்ஸும் பொறுமையும்தான் வழி. மூன்று கடைக்காரர்களில் முதல்வர் பாதி சரி, மற்ற இருவரும் முழுத் தவறு. "போகட்டும், கண்ணாடி இல்லையே" என்று அம்மா மோதிரத்தை மறுபடி போட்டுக்கொண்டுவிட்டார்.

இன்னும் சில ஏமாற்றுகள் உண்டு. விரிசல் நிறைந்த மட்டமான மாணிக்கத்தில் ஈயக் கண்ணாடியை உருக்கி ஊற்றி நிரப்புகிறார்கள். அதுவும் 1.76 காட்டும். லென்ஸின் கீழ் கல்லை ஆட்டும்போது விரிசல்களில் நீலமோ ஊதாவோ பளிச்சிட்டு மறைந்தால், தட்டையான குமிழிகள் தெரிந்தால் அதுதான். பழைய நகைகளில் மேலே மெல்லிய கார்னெட்டும் கீழே நிறக் கண்ணாடியும் ஒட்டிய கற்களும் வரும். மேல்முகத்தை மட்டும் அளந்தால் கார்னெட் எண்தான் கிடைக்கும். பக்கவாட்டில் கல்லின் இடுப்புக்கு, அதாவது அதன் மிக அகலமான விளிம்புக்கு, மேலே ஒட்டுக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள்.

மற்ற நிறங்கள், சுருக்கமாக

மஞ்சளில் முதல் குழப்பம் பெயரிலேயே. அகராதியில் புஷ்பராகம் என்றால் டோபாஸ், ராசிக்கல் கடையில் பெரும்பாலும் மஞ்சள் சஃபையர். மலிவுக்கு வருவது பெரும்பாலும் சிட்ரின். எண்ணைப் பார்த்தால் தகராறே இல்லை: சஃபையர் 1.762–1.770, டோபாஸ் 1.61 முதல் 1.64 வரை, சிட்ரின் 1.544–1.553. கடைக்காரர் எந்தப் பெயரில் விற்கிறார் என்று கேட்காதீர்கள், எந்தக் கனிமம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கோமேதகம் ஹெசொனைட் என்ற கார்னெட். ஒற்றை விலகல், ஏறக்குறைய 1.74. லென்ஸில் பார்த்தால் கருப்பட்டிப் பாகு தண்ணீரில் கரையும்போது நெளிவதுபோல் உள்ளே ஒரு நெளிவு இருக்கும். கண்ணாடியில் வரும் சுழியோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு, எனவே எண்ணையும் எடுங்கள். மரகதம் 1.577–1.583 என்று காட்டும், பச்சைக் கண்ணாடியில் விளிம்பு தாவாது.

வெள்ளைக் கற்களுக்கு வழி வேறு. திருச்சிப் பக்கம் பட்டை தீட்டிய அமெரிக்கன் டைமண்டைப் பார்க்காத தமிழ் வீடு குறைவு. அது க்யூபிக் சிர்கோனியா, எண் ஏறக்குறைய 2.15. வைரத்தைவிட அதிகமாக வானவில் நிறங்களை வாரி இறைக்கும். வைரத்தின் நிறப்பிரிகை 0.044, இதற்கு 0.060. அளவுக்கு மீறி டாலடிக்கும் கல்லைச் சந்தேகியுங்கள். மொய்சனைட் என்ற இன்னொரு வைரப் போலி அதையும் மிஞ்சும், 0.104. கடைகளில் வைக்கும் வெப்பச் சோதனைப் பேனாவை மொய்சனைட் ஏமாற்றிவிடும். ஆனால் அது இரட்டை விலகல் கல், அளவு 0.043. மேல்முகம் வழியே நேராகப் பார்த்தால் தெரியாது, பக்கப் பட்டை வழியே சாய்த்துப் பாருங்கள். அடி விளிம்புகள் இரண்டிரண்டாகத் தெரியும். வைரத்தில் அப்படி ஒருபோதும் வராது.

குறிப்பேடும் ஆய்வகமும்

ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நிறம், எடை, திரையில் என்ன ஆனது, எந்தெந்தக் கோணத்தில் எந்தெந்த எண், யூவியில் என்ன, லென்ஸில் என்ன பார்த்தீர்கள் என்று படத்தோடு. முடிவைக் கடைசியில் எழுதுங்கள். முதலிலேயே 'மாணிக்கம்' என்று தலைப்புப் போட்டுவிட்டால் கண் அதற்கேற்பவே பார்க்கும்.

பெரிய தொகை கைமாறும் கல் என்றால், சூடுபடுத்தியதா, எந்த நாட்டுக் கல் என்பதெல்லாம் விலையைத் தீர்மானிக்கும். அவற்றை வீட்டில் சொல்ல முடியாது. ஜெய்ப்பூரிலுள்ள ஐஐஜிஜே ஆய்வகம் (முன்பு ஜெம் டெஸ்டிங் லேபரட்டரி), கொழும்பிலுள்ள தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை போன்ற இடங்களில் கொடுத்து அறிக்கை வாங்கலாம். பணம் கொடுக்கும் முன் வாங்குங்கள். விற்பவரே கொண்டுவரும் அறிக்கையாக இருந்தால் அதிலுள்ள எடையையும் நீள அகலத்தையும் கையிலுள்ள கல்லோடு அளந்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.